கருணைக் கதவும் உரிமைக் கதவும்

(மேல்கோட்டையில் கூடிய தம்மச் சபையில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் அன்பர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். அவருடைய தமக்கையின் குடும்பம் மலேசியாவில் வாழ்கின்றது. ‘அந்நாட்டில் முஸ்லிம்களே பெரும்பான்மையோர், நாட்டின் சமயமும் இஸ்லாமே. அங்கே பௌத்தர்க்கும் இந்துக்களுக்கும் கதி என்ன?’ என்பதே அவ்வினா. நேரம் கடந்துவிட்டமையால் அன்று விடை கூறவில்லை. இன்று அதனையே பொருளாகக் கொள்கின்றேன்.

இதனை ஆராய்தற்கு மேல்கோட்டையைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. திருநாராயணபுரம் என்று வைணவர் போற்றும் இவ்வூர், இராமாநுசர் தமிழ்நாட்டினின்றும் நீங்கி வந்து தங்கிய ஊர். இங்கிருந்து பறிபோன உற்சவ மூர்த்தியை அவர் டில்லி சுல்தானிடமிருந்து மீட்டு வந்தார் என்றும், வழியில் அவர்க்குத் துணை நின்றோர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களே என்றும், அந்நன்றியை நினைந்து அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டி, ஆண்டில் மூன்று நாள் கோயிலினுள் புக இடம் அளித்தார் என்றும் தலவரலாறு கூறும். இராமாநுசர் காலத்தில் டில்லியில் சுல்தான் ஆட்சி ஏற்படவே இல்லை என்று சரித்திரம் கற்றோர் கூறுவர். அது கிடக்க. மூன்று நாள் வழக்கம் மட்டும் கதையன்று. நம் பாட்டன்மார் காலம் வரை நடந்து வந்ததே.

இராமாநுசரை யான் இகழேன். பிறர் எவரும் ஒரு நாழிகையும் திறவாத கதவை அவர் மூன்று நாள் திறந்தார். அக்காலத்துக்கு அது பெருஞ்செயல். ஆயினும் அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். ஆண்டின் எஞ்சிய முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் அதே மனிதர், அதே பக்தியோடு, அதே கதவின் வெளியே நின்றனர். உள்ளே விட்டவர் ஒரு பெரியவர். வெளியே நிறுத்தியதோ வழக்கம். பெரியவர் மறைந்தார், வழக்கம் நிலைத்தது. பின் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அன்று முதல் எவரும் தம் முன்னோர் செய்த உதவியை எடுத்துக் கூறி உள்ளே செல்ல வேண்டியதில்லை. முன்னது கருணையால் திறந்த கதவு. பின்னது உரிமையால் திறந்த கதவு.

அரசர் கருணையும் இத்தகையதே. திப்பு சுல்தான் இக்கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்களும் பிறவும் வழங்கினார் என்பர். அவ்வரசர் காலத்தில் தம் குலத்தார் பலர் தீபாவளியையொட்டிக் கொல்லப்பட்டனர் என்று கூறி, அப்பண்டிகையையே கொண்டாடாத மண்டயம் ஐயங்கார் குடும்பங்களும் இவ்வூரில் உண்டு. சரித்திர ஆசிரியர் இதுபற்றி இன்றும் வாதிடுகின்றனர். எனக்கு வேண்டுவது ஒன்றே: ஓர் அரசரின் கொடையையும் ஓர் அரசரின் சினத்தையும் ஒரே ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. அரசனுடைய மனநிலையில் தொங்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இன்னும் ஒன்று. சுல்தானின் மகள் அம்மூர்த்தியைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்ந்து வந்தாள் என்று கூறி, பீபி நாச்சியார் என்று அவளையும் இக்கோயிலில் போற்றுகின்றனர். அத்தகைய ஊரில், 2022 டிசம்பரில் கர்நாடக அரசு, ஆரத்தியின் பெயரிலிருந்த ‘சலாம்’ என்னும் சொல்லை நீக்கி ‘நமஸ்காரம்’ என மாற்ற முடிவு செய்தது. துலுக்க நாச்சியார் இருக்கலாம், சலாம் இருத்தலாகாது போலும்!

ஆலையில் பாடுபட்டவன் யான். அங்கே கற்றது ஒன்றைக் கூறுவேன். வைசாகப் பௌர்ணமிக்கு விடுப்புக் கேட்டால் எங்கள் மேஸ்திரி, மனம் நன்றாயிருந்தால், ‘போய் வா’ என்பார். இல்லையேல், ‘உன் சாமிக்குத் தறி நிற்குமோ?’ என்பார். நல்லவரே. எனினும் ஒவ்வோராண்டும் அவர் முகத்தைப் பார்த்தே எங்கள் பண்டிகை நடந்தது. பின்னர் சங்கத்தின் முயற்சியால் அந்நாள் விடுமுறைப் பட்டியலில் எழுதப்பட்டது. அவ்வாண்டு மேஸ்திரி சினத்திலேயே இருந்தார், யாங்கள் விளக்கேற்றினோம். எழுதப்பட்டதற்கும் எழுதப்படாததற்கும் உள்ள வேற்றுமை இதுவே. மலேசியாவை இக்கண்ணாலேயே பார்ப்போம்.

மலேசியாவின் 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நூற்றுக்கு 63.5 பேர் முஸ்லிம்கள், 18.7 பேர் பௌத்தர், 9.1 பேர் கிறிஸ்தவர், 6.1 பேர் இந்துக்கள். அஃதாவது, அந்நாட்டில் இஸ்லாத்திற்கு அடுத்த பெருஞ்சமயம் நம் தம்மமே. பௌத்தருள் மிகப் பெரும்பாலோர் சீனர். சிங்களவரும் சயாமியரும் உளர். தமிழ்ப் பௌத்தர் மிகச் சிலரே. கோலாலம்பூரில் தமிழர் நிறைந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மகாவிகாரை ஒன்று உண்டு; அதனை நடத்தும் சபை 1894இல் தோன்றியது. இலங்கையிலிருந்து 1952இல் சென்ற கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 2006இல் மறையும் வரை அங்கிருந்தே தொண்டாற்றினார். விசாகத் திருநாள் அந்நாட்டில் பொது விடுமுறை. ஆதலால் ‘அங்கே தம்மத்தைப் பின்பற்ற இயலாது’ என்று எவரேனும் கூறினால் அது பொய்.

1957இல் விடுதலை பெற்றபோது எழுதப்பட்ட அவர்களது அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்கின்றது. பிற சமயங்களையும் அமைதியோடு பின்பற்றலாம் என்று அதே பிரிவு சேர்த்துரைக்கின்றது. 11ஆம் பிரிவு ஒவ்வொருவர்க்கும் தம் சமயத்தைக் கொள்ளவும் ஒழுகவும் உரிமை தருகின்றது; சமயக் குழுக்கள் தம் காரியங்களைத் தாமே நடத்தவும் சொத்து வைத்திருக்கவும் இடம் தருகின்றது. ஆனால் முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அப்பிரிவே விதிக்கின்றது. என்னைப் போன்ற உபதேசியார் அங்கே ஒரு மலாய்க்காரரை அழைத்து அமர்த்தித் தம்மம் போதித்தல் ஆகாது. இது குறையே. ஆயினும் எழுதப்பட்ட குறை. எங்கே வேலி உள்ளது என்று நடப்பவன் அறிவான். பெருந்துன்பம் விளைவது வேலி எங்கே என்று அறிய முடியாத இடத்தில். அந்நாட்டில் இருவகை நீதிமன்றங்கள் உள. 1988இல் 121ஆம் பிரிவில் சேர்த்த ஒரு திருத்தத்தால், ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் பொது நீதிமன்றம் தலையிடாது என்று ஆயிற்று. ஒரு குடும்பத்தில் கணவன் முஸ்லிம், மனைவி அல்லள் என்றால் அவர்தம் வழக்கு எங்கே செல்லும்? இவ்விடைவெளியிலேதான் ஏழை மக்கள் விழுந்தனர்.

இரண்டு பிரேதங்களின் வரலாற்றைக் கூறுகின்றேன், செவிசாயுங்கள்.

முதலாவது, மூர்த்தி என்னும் தமிழரது. 1997இல் எவரெஸ்ட் சென்ற மலேசியக் குழுவில் இடம்பெற்ற இராணுவ வீரர். 2005 டிசம்பரில் அவர் இறந்தார். அவர் முன்னமே இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்று சமயத்துறையினர் கூறினர். அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி கூறினார். ஷரியா நீதிமன்றம் அவர் முஸ்லிம் என்று ஆணையிட்டது. மனைவி பொது நீதிமன்றத்தை நாடினார். அம்மன்றமோ, ஷரியா நீதிமன்றத்தின் ஆணையில் தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 28 அன்று கைவிரித்தது. கணவரின் உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அவர் உண்மையில் மதம் மாறினாரா இல்லையா என்பதை யான் தீர்ப்பவன் அல்லன். கூடி வாழ்ந்த மனைவியின் சாட்சியத்தைக் கேட்டு எடைபோட ஒரு மன்றமும் இல்லாமற்போயிற்று என்பதே என் நெஞ்சைச் சுடுகின்றது.

இரண்டாவது, ஒரு திங்களுக்குள், 2006 ஜனவரியில் நிகழ்ந்தது. நியோன்யா தாகிர் என்னும் மூதாட்டி. வயது எண்பதைக் கடந்தவர். மலாய் முஸ்லிம் குலத்திற் பிறந்து, சீனர் ஒருவரை மணந்து, தம் வாழ்நாளைப் பௌத்தராகவே கழித்தவர். அவர் இறந்தபோது எம்முறைப்படி அடக்குவது என்னும் வழக்கு நெகிரி செம்பிலானில் ஷரியா நீதிமன்றத்தின் முன் வந்தது. முஸ்லிம் அல்லாத அவர் குடும்பத்தார் அந்நீதிமன்றத்திலேயே நின்று சாட்சியம் கூறினர். அம்மா எவ்வாறு வாழ்ந்தார், எதனை வணங்கினார், எவ்வாறு அடக்கம் செய்யக் கேட்டுக்கொண்டார் என்பவற்றை நீதிபதி கேட்டார். அவர் இறக்கும்போது முஸ்லிம் அல்லர் என்று தீர்ப்பளித்தார். அம்மூதாட்டி பௌத்த முறைப்படி அடக்கம் செய்யப்பெற்றார்.

அன்பர்களே, இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நீதி வழங்கியது இஸ்லாமிய நீதிமன்றம். கைவிட்டது பொது நீதிமன்றம். ‘முஸ்லிம்கள் கொடியர், மற்றையோர் நல்லர்’ என்று பேசித் திரிவோர்க்கு இக்கதை உதவாது. வேற்றுமை சமயத்தில் இல்லை; ஓரிடத்தில் உற்றார் சொல்லைக் கேட்டனர், மற்றோரிடத்தில் கேட்டிலர். ஆயினும் நியோன்யா தாகிர் பெற்றதும் ஒரு நல்ல நீதிபதியின் செவியால் வந்ததே. அன்று வேறொருவர் அமர்ந்திருந்தால்? மேல்கோட்டைக் கதவை மறவாதீர்.

ஆதலால்தான் பின்னர் வந்த இரண்டு தீர்ப்புகளை யான் பெரிதாக மதிக்கின்றேன். ஈப்போவில் இந்திரா காந்தி என்னும் தமிழ்ப் பெண், மழலையர் பள்ளி ஆசிரியை. 2009இல் அவர் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, தாயிடம் ஒரு சொல்லும் கேளாது மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றிப் பதிவு செய்தார். ஓராண்டும் நிரம்பாத கடைசிக் குழந்தையையும் எடுத்துச் சென்றார். சிறார்க்குரிய சமயத்தைப் பெற்றோர் முடிவு செய்வர் என்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஆங்கிலத்தில் அச்சொல் ஒருமையில் நிற்பதால், ஒருவர் சம்மதமே போதும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஒரு சொல்லின் ஒருமை பன்மையில் ஒரு தாயின் வயிறு எரிந்தது! ஒன்பது ஆண்டுகள் போராடிய பின், 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்த்து அம்மாற்றத்தைச் செல்லாதாக்கியது. அத்தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி என்னும் முஸ்லிம் பெண் நீதிபதி. ஆயின் தீர்ப்பு வேறு, குழந்தை வேறு. 2025ஆம் ஆண்டிலும் அத்தாய் தன் கடைசி மகளுக்காகக் காவல்துறையின் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். உரிமையை எழுதினால் மட்டும் போதாது, காவற்காரன் அதனைப் படிக்கவும் வேண்டும்.

மற்றொன்று நம் தம்மத்தோடு நேராகத் தொடர்புடையது. சிலாங்கூரில் ரோஸ்லிசா என்னும் பெண், தாய் பௌத்தர், தந்தை முஸ்லிம், அவர்கள் மணந்துகொள்ளவில்லை. தாயால் பௌத்தராக வளர்க்கப்பட்ட அப்பெண்ணை, தந்தையின் பெயரால் முஸ்லிம் என்றே அரசு கணக்கிட்டது. கீழ்மன்றங்கள் இரண்டிலும் தோற்றார். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தில், முதற் பெண் தலைமை நீதிபதியாகிய தெங்கு மைமுன் உள்ளிட்ட 9 நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அவர் பிறப்பிலிருந்தே முஸ்லிம் அல்லர் என்று முடிவு கூறிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒருபோதும் முஸ்லிமாக இராதவர்க்கு இவ்வாறு பொது நீதிமன்றம் திறந்தது. முஸ்லிமாகப் பிறந்து பின் விலக விரும்புவோர்க்கோ அக்கதவு திறக்கவில்லை. கிறிஸ்தவத்தைத் தழுவிய லினா ஜோய் என்பவர் தம் அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்னும் சொல்லை நீக்கக் கோரியபோது, 2007இல் கூட்டரசு நீதிமன்றம் இருவர்க்கு ஒருவராகப் பிரிந்து மறுத்துவிட்டது. மதம் மாறுதலையே பிழைப்பின் வழியாகக் கொண்டு எழுந்த நம் போன்ற சமூகத்துக்கு அத்தீர்ப்பு கசப்பானது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் செய்ததை ஒரு மலாய்க்காரர் தம் மண்ணில் வெளிப்படையாகச் செய்ய இயலாது.

கோயில்களைப் பற்றியும் சிறிது. தோட்டத் தொழிலாளராகச் சென்ற நம்மவர் ரப்பர் மரங்களின் நடுவே சிறு கோயில்கள் கட்டினர். துரைமார் வாய்ச்சொல்லால் இடம் தந்தனர். பத்திரம் இல்லை. தோட்டங்கள் கைமாறி நகரங்கள் ஆனபோது நூறாண்டுக் கோயிலும் அத்துமீறிய கட்டடம் ஆயிற்று. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நூற்றாண்டைக் கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலும் 2025இல் பள்ளிவாசலுக்கு வழிவிட்டு, அருகிலேயே வேறிடம் பெற ஒப்ப வேண்டியதாயிற்று. மீண்டும் அதே துரை, அதே வாய்ச்சொல். நம் சபைகளுள் எத்தனை விகாரைகளுக்குப் பத்திரம் உண்டு என்று இங்குள்ள நிர்வாகிகள் வீடு சென்று பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம்.

இவ்வளவும் கேட்டபின், ‘பார்த்தீரா, அவர்கள் அப்படித்தான்’ என்று தலையசைப்போர் இச்சபையிலும் சிலர் உளர். அவர்களை நோக்கியே இனிப் பேசுகின்றேன். நாம் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் நாம் எப்படி?

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் தந்து, பிற சமயத்தார்க்கும் உரிமைகளை உறுதி கூறுகின்றது. மலேசியச் சட்டத்தின் தமக்கை போன்றது. அங்கே 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதனினும் கொடிது ஒன்றுண்டு. தொற்றுநோய்க் காலத்தில், 2020 தொடங்கி 2021 பிப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே தீரவேண்டும் என்று அவ்வரசு ஆணையிட்டது. புதைத்தலால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் செவிசாய்க்கவில்லை. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் உற்றாரின் கண்ணீருக்கிடையே எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் பெற்றோர் மறுக்க மறுக்க எரிக்கப்பட்டது. அச்சுடலையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி மௌனமாக எதிர்ப்புக் காட்டினர். 2024இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. மன்னிப்பு வந்தது, சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

மூர்த்தியின் மனைவி கோலாலம்பூரில் கேட்டது, அவருடைய உடலை அவருடைய வழியில் அடக்க விடுங்கள் என்பதே. கொழும்பில் அச்சிசுவின் தந்தை கேட்டதும் அதுவே. முன்னதற்கு நெஞ்சு துடித்துப் பின்னதற்கு வாளாவிருந்தால், நம் துடிப்புத் தம்மத்தின்பாற்பட்டதன்று, கட்சியின்பாற்பட்டது. பர்மாவைப் பற்றியோ வாய் திறக்கவும் நாணமாயுள்ளது. 2017இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்யா முஸ்லிம்கள் அங்கிருந்து வங்காள தேசத்துக்கு ஓடினர்.

பகவன் புத்தர் வழியாது? வைசாலியில் சீகன் என்னும் சேனாபதி, நிகண்டரைப் போற்றி வந்தவன், பகவரிடம் வந்து சரணடைந்தான். பகவர் அவனை விரைந்து ஏற்கவில்லை; நன்கு ஆராய்ந்து செய் என்றார். ஏற்றபின்னும், நெடுங்காலமாக உன் இல்லம் நிகண்டர்க்கு உணவளித்து வந்தது, அவர்கள் வந்தால் இனியும் அளிக்க வேண்டும் என்று பணித்தார். தம் பக்கம் வந்த செல்வனிடம், போட்டிச் சமயத்தாரின் பசியைப் பற்றிப் பேசியவர் அவர். அசோகரும் அவ்வழியே நின்றார். நம் கர்நாடகத்தில் சன்னதி என்னும் ஊரில், காளி சிலையின் பீடமாகக் கிடந்த ஒரு கல்லில் அவருடைய 12ஆம் சாசனம் கண்டெடுக்கப்பட்டது. தன் சமயத்தின் மீது கொண்ட பற்றால் பிற சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு சூழ்கின்றான் என்பது அதன் கருத்து.

இனி நம் வாயிலுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதார்க்கு அப்பட்டியலில் இடமில்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தனர். பாபாசாகேப் வழியில் தம்மம் தழுவிய நாம் 34 ஆண்டுகள் வெளியே நின்றோம். 1990இல்தான் அவ்வாணை திருத்தப்பட்டு நமக்குக் கதவு திறந்தது. நம்மைப் போன்ற அதே சேரியில் பிறந்து, அதே கிணற்றில் மறுக்கப்பட்டு, கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆனவர்க்கு அப்போதும் திறக்கவில்லை. இதனை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ‘அவர்களையும் சேர்த்தால் நம் பங்கு குறையும்’ என்று நம் சபைகளிலேயே சிலர் முணுமுணுக்கின்றனர். கணக்கு அறியாதவர்கள் அல்லர் அவர்கள். பிள்ளையின் கல்லூரி இடத்தை எண்ணி அஞ்சும் ஏழைப் பெற்றோர். அவ்வச்சத்தை யான் எள்ளி நகையாடேன். மக்கள் தொகை கூடின் ஒதுக்கீட்டின் அளவும் கூடவேண்டும் என்று சேர்த்தே கேட்போம் என்கின்றேன்.

மலேசியாவில் நம்மவர்க்கு நீதி வேண்டும் என்று பேசும் நாக்கு, பக்கத்துத் தெருக் கிறிஸ்தவத் தச்சனுக்கும் முஸ்லிம் தோல் தொழிலாளிக்கும் அதே நீதியைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக முன்மொழிய இருக்கின்றேன். மறுப்போர் தம் காரணங்களை எழுதிக்கொண்டு வருக. முதலில் அவர்களே பேசட்டும். யான் கடைசியில் பேசுகின்றேன்.